பேன்ஹேண்டில்: மாநிலத்தின் கைப்பிடியும் தெருவில் ஏந்தும் கையும்

கேள்வி இதுதான்: “புயல் செய்திகளில் ‘புளோரிடா பேன்ஹேண்டில்’ என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பிய ஒரு படத்தில் சிக்னல் ஓரமாக ‘பேன்ஹேண்ட்லிங் கூடாது’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா? ஒன்றிலிருந்து மற்றது வந்ததா?”

எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றுதான், பொருள்தான் இரண்டு. ‘பேன்’ என்பது அடுப்பில் வைக்கும் தட்டையான பாத்திரம், ‘ஹேண்டில்’ அதன் கைப்பிடி. நம் வீட்டுத் தாளிப்புக் கரண்டியை மேடைமேல் வைத்து மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் வட்டமாகக் கிண்ணம், அதிலிருந்து நீளமாக ஒரு காம்பு. ஒரு மாநிலத்தின் எல்லைக்கோடு இந்த மாதிரி அமைந்திருந்தால், அந்தக் காம்புப் பகுதிக்குப் பெயர் பேன்ஹேண்டில். இரண்டாவது பொருள், தெருவில் போகிற வருகிற முன்பின் தெரியாதவர்களிடம் காசு கேட்பது. இரண்டுமே அமெரிக்காவில் பிறந்த வழக்குகள், இரண்டும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நிலத்தைக் குறிக்கும் பொருள் 1850களிலேயே அச்சில் வந்துவிட்டது. பிச்சை கேட்பவரைக் குறிக்கும் ‘பேன்ஹேண்ட்லர்’ 1890களில் பரவலானது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதற்குச் சான்று இல்லை.

சரி, இனி விரிவாகப் பார்ப்போம். நிலத்தைப் பற்றிய பகுதிதான் நீளமாக இருக்கும். ஏனென்றால் வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு கைப்பிடிக்குப் பின்னாலும் ஒரு சண்டையோ பேரமோ இருக்கிறது. அதில் பெரும்பாலும் அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளிப் புவியியலில் தீபகற்பம், பூசந்தி, முனை என்றெல்லாம் படித்திருப்போம். அவை கடலும் நிலமும் சேர்ந்து செய்த வடிவங்கள். பேன்ஹேண்டில் அப்படி இல்லை, அது எல்லைக்கோடு செய்த வடிவம். விமானத்தில் பறந்து பார்த்தால் பெரும்பாலான பேன்ஹேண்டில்கள் கண்ணுக்கே தெரியாது. பக்கத்து மாநிலத்து வயலும் இந்த மாநிலத்து வயலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, அது மிகவும் ஒடுங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டெக்சாஸ் பேன்ஹேண்டில் 26 கவுண்டிகள் கொண்ட ஒரு பெரிய சதுரம்போல இருக்கும். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம், பரப்பில் கொஞ்சம் சிறியது. அமரில்லோ என்ற நகரம் அங்கேதான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அந்தப் பகுதியில் எரிந்த ‘ஸ்மோக்ஹவுஸ் கிரீக்’ தீ 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் தின்று தீர்த்தது. டெக்சாஸ் வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ அது. அந்தச் செய்திகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது.

கைப்பிடி என்றால் இதுதான் என்று காட்ட எனக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஓக்லஹோமாவைத்தான் காட்டுவேன். மாநிலத்தின் வடமேற்கு மூலையிலிருந்து மேற்கே சுமார் 267 கி.மீ. நீளம், வெறும் 55 கி.மீ. அகலம். அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போன்ற ஒரு பட்டை. மேற்கிலிருந்து சிமரான், டெக்சாஸ், பீவர் என்று மூன்றே கவுண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாவது கவுண்டிக்குப் பெயர் டெக்சாஸ், ஆனால் இருப்பது ஓக்லஹோமாவில். மேற்குக் கோடியில் இருக்கும் சிமரான் கவுண்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. கொலராடோ, கான்சாஸ், நியூ மெக்சிகோ, டெக்சாஸ் என்று நான்கு வேறு மாநிலங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே அமெரிக்கக் கவுண்டி அது.

இந்தப் பட்டை எப்படி வந்தது? இதன் வேரில் இருப்பது அடிமை முறை. 1820ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சமரசம் செய்தது. மிசௌரி மாநிலத்தை மட்டும் விட்டுவிட்டு, மேற்கே புதிதாக வாங்கிய நிலத்தில் 36 டிகிரி 30 நிமிட வட அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்பது அந்தச் சமரசம். 1845ல் டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது. அது அடிமை முறை உள்ள மாநிலம். அன்று அது உரிமை கோரிய நிலம் இன்றைய வயோமிங் வரை நீண்டிருந்தது. அடிமைகளை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்த அட்சரேகைக்கு வடக்கே இருக்கும் நிலத்தை விட்டுவிட வேண்டும். 1850ல் டெக்சாஸ் அதை விட்டுக்கொடுத்தது, வடக்கு எல்லையை 36 டிகிரி 30 நிமிடத்தில் நிறுத்திக்கொண்டது. கைவிட்ட நிலங்களுக்கு ஈடாக மத்திய அரசு 1 கோடி டாலர் தந்தது. டெக்சாஸின் பழைய கடன்களுக்கு அந்தப் பணம் உதவியது.

நான்கு வருடம் கழித்து 1854ல் கான்சாஸ் பிரதேசத்தை உருவாக்கினார்கள். பிரதேசம் என்றால் இன்னும் மாநிலம் ஆகாத பகுதி. அதன் தெற்கு எல்லையை 36 டிகிரி 30 நிமிடத்தில் வைக்காமல் 37 டிகிரியில் வைத்தார்கள். அரை டிகிரி இடைவெளி விழுந்துவிட்டது. மேற்கே நியூ மெக்சிகோ 103ஆம் தீர்க்கரேகையில் நின்றுவிட்டது. கிழக்கே செரோக்கி என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கிய நிலம் 100ஆம் தீர்க்கரேகையில் முடிந்தது. நடுவில் மூன்று டிகிரி நீளமும் அரை டிகிரி அகலமுமான ஒரு துண்டு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. டெக்சாஸுக்கும் இல்லை, கான்சாஸுக்கும் இல்லை. நாற்பது வருடம், 1850 முதல் 1890 வரை, அங்கே எந்த மாநில அரசும் பிரதேச அரசும் கிடையாது. வரைபடங்களில் ‘பொது நிலப் பட்டை’ என்று எழுதினார்கள். மக்கள் வாயில் அதற்கு வழங்கிய பெயர் ‘நோ மேன்ஸ் லேண்ட்’, ஆளில்லா நிலம். உண்மையில் அங்கே ஆள் இருந்தார்கள், அரசாங்கம்தான் இல்லை.

அரசாங்கம் இல்லாத ஊரில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1880களின் நடுவில் குடியேறிகள் வந்து குவிந்தார்கள். மரம் இல்லாத புல்வெளி. அதனால் புல் வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். விறகும் கிடையாது. காட்டெருமையும் மாடும் போட்டுக் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள். நாம் தட்டி வைக்கும் வறட்டி மாதிரி அல்ல, விழுந்த இடத்திலேயே காய்ந்தது. அந்த நினைவில்தான் பீவர் என்ற ஊரில் இன்றும் ஒவ்வோர் ஏப்ரலிலும் காய்ந்த சாணத்தை யார் அதிக தூரம் வீசுகிறார்கள் என்று உலகப் போட்டி நடத்துகிறார்கள்.

நிலத்துக்குப் பட்டா கொடுக்க அலுவலகம் இல்லை. வரி இல்லை, நீதிமன்றமும் இல்லை. எல்லைக்கு வடக்கே கான்சாஸில் மதுவிலக்கு. அதனால் எல்லையை ஒட்டி இந்தப் பக்கம் ‘பீர் சிட்டி’ என்றே ஓர் ஊர் முளைத்தது. 1887ல் குடியேறிகளே கூடி ‘சிமரான் பிரதேசம்’ என்று ஓர் அரசை அறிவித்துப் பார்த்தார்கள், வாஷிங்டன் ஏற்கவில்லை. 1888ல் கான்சாஸ் கவுண்டி ஒன்றின் தலைநகர் எது என்ற தகராறு முற்றி, துரத்திக்கொண்டு வந்தவர்கள் இந்தப் பட்டைக்குள் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதே பெரிய சிக்கலாகி, கடைசியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. நான்கு உயிர் போனது, ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. வரைபடத்தில் விட்டுப்போன அரை டிகிரிக்குக் கொடுத்த விலை அது. 1890ல்தான் அந்தத் துண்டை ஓக்லஹோமா பிரதேசத்தோடு ஒட்டவைத்தார்கள். 1907ல் ஓக்லஹோமா மாநிலமானபோது அதன் கைப்பிடியாக அது நிலைத்தது.

பிறகு வந்த கதையும் லேசானது அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியது, புல்வெளியை உழுது தள்ளினார்கள். 1930களில் மழை பொய்த்தது. வேர்பிடிப்பு இல்லாத மண் காற்றில் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புழுதிப் புயலை ‘கறுப்பு ஞாயிறு’ என்றே சொல்வார்கள். ஓக்லஹோமா, டெக்சாஸ் இரண்டின் பேன்ஹேண்டில்களும் அந்தப் பேரழிவின் நடுவில் இருந்தன. அப்புறம் 1943 ஜூலையில் இன்னொரு விநோதம். டெக்சாஸ் பேன்ஹேண்டிலில் உள்ள டால்ஹார்ட் விமானதளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய அமெரிக்க விமானம் ஒன்று, சிமரான் கவுண்டியின் பாய்சி சிட்டியில் நீதிமன்றத்தைச் சுற்றி எரிந்த விளக்குகளைக் குறி என்று நினைத்து நடு இரவில் ஆறு பயிற்சிக் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

ஓக்லஹோமாவுக்கு முன்பே இந்தச் சொல் ஒட்டிக்கொண்ட இடம் வர்ஜீனியா, அதாவது இன்றைய மேற்கு வர்ஜீனியா. அங்கே கைப்பிடி ஒன்றல்ல, இரண்டு. வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று. வடக்குக் கைப்பிடி ஒஹையோ ஆற்றுக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவில் செருகிய குச்சி போல மேலே போகிறது. டெலவேர் ஆற்றிலிருந்து மேற்கே ஐந்து டிகிரி வரை பென்சில்வேனியாவுக்கு என்று 1681ஆம் ஆண்டு அரச ஆவணத்தில் எழுதியிருந்தது. ஆற்றுக்கு வடமேற்கே இருந்த தன் நிலத்தை 1784ல் வர்ஜீனியா மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தது. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே மிச்சம் விழுந்தது இந்தக் குச்சி. வெயர்ட்டன் என்ற நகரம் அதன் குறுக்கே முழுவதுமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஒஹையோ, மறுபக்கம் பென்சில்வேனியா, இரண்டு மாநில எல்லைகளையும் தொடும் ஒரே ஊர். இந்தத் துண்டின் குறுக்கே ஓடிய ரயில் பாதைக்கு ‘பேன் ஹேண்டில் ரூட்’ என்றே பெயர் இருந்தது. உள்நாட்டுப் போரின்போது 1863ல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகப் பிரிந்தபோது இந்தக் கைப்பிடியும் அதோடு போய்விட்டது.

ஐடஹோவின் கைப்பிடி வடக்கே கனடா எல்லையை நோக்கி நிற்கிறது, மேலே போகப் போக ஒடுங்கி 70 கி.மீ. அளவுக்கு வந்துவிடும். 1864ல் மொன்டானாவைப் பிரித்தபோது மலைத்தொடர் ஒன்றை எல்லையாக வைத்ததால் வந்த மிச்சம் இது. அங்கிருப்பவர்களுக்குத் தெற்கே இருந்த தலைநகரோடு தொடர்பே சிரமம். பக்கத்து வாஷிங்டனோடு சேர்ந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். 1887ல் காங்கிரஸ் அதற்கு மசோதாவும் நிறைவேற்றியது, ஆனால் அன்றைய அதிபர் கிளீவ்லாந்து கையெழுத்துப் போடவில்லை. வடக்கத்தியர்களின் கோபத்தைத் தணிக்க, 1889ல் மாநிலப் பல்கலைக்கழகத்தை வடக்கே மாஸ்கோ என்ற ஊரில் வைத்தார்கள். இன்றைக்கும் ஐடஹோவின் வடக்கும் தெற்கும் வேறு வேறு நேர மண்டலங்களில் இருக்கின்றன.

இப்போது நீங்கள் கேட்ட புளோரிடா. அந்த மாநிலத்தின் தெற்கே தொங்கும் பெரிய தீபகற்பத்தை விட்டுவிடுங்கள், வடமேற்கில் மெக்சிகோ வளைகுடாக் கரையோடு மேற்கே ஓடும் பட்டைதான் பேன்ஹேண்டில். அதன் மேற்கு முனை பென்சகோலா. ஸ்பெயினும் பிரிட்டனும் மாறி மாறி ஆண்ட காலத்தில் கிழக்கு புளோரிடா, மேற்கு புளோரிடா என்று இரண்டு இருந்தன. மேற்கு புளோரிடா மிசிசிப்பி ஆறு வரை போனது. அமெரிக்கா அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு, கடைசியில் பெர்டிடோ ஆற்றில் கோடு நின்றது. இரண்டு புளோரிடாக்களையும் சேர்த்தபோது ஒன்றின் முக்கிய ஊர் பென்சகோலா, மற்றதன் முக்கிய ஊர் செயின்ட் அகஸ்டின். எங்கே தலைநகர் வைப்பது? இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் 1824ல் டல்லஹாசியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று மயாமியில் இருப்பவர்களுக்குத் தலைநகர் அத்தனை தூரத்தில் இருப்பதற்கு அந்த 1824 கணக்குதான் காரணம்.

இந்தப் பட்டையின் பெரும்பகுதி மாநிலத்தின் மற்ற பகுதிகளைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தில் ஓடுகிறது. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் இரவில் இது பெரிய விவகாரமானது. பேன்ஹேண்டிலில் வாக்குப்பதிவு முடிவதற்குக் கொஞ்சம் முன்பே தொலைக்காட்சிகள் புளோரிடா ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்கு என்று அறிவித்துவிட்டன, பிறகு திரும்பப் பெற்றன. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல் கரையேறியதும் இங்கேதான், மெக்சிகோ பீச் அருகே. ஐந்தாம் வகைப் புயல், அதாவது இருப்பதிலேயே கடுமையான வகை. இன்றைக்கும் வானிலைச் செய்திகளில் இந்தச் சொல் இவ்வளவு அடிபடுவதற்கு வளைகுடாவைப் பார்த்தபடி கிடக்கும் இந்தக் கரைதான் காரணம்.

நெப்ராஸ்கா, அலாஸ்கா ஆகியவற்றுக்கும் கைப்பிடி உண்டு. அலாஸ்காவினுடையது கனடாவின் மேற்குக் கரையை மறைத்துக்கொண்டு தெற்கே தொங்குகிறது. மாநிலத் தலைநகர் ஜூனோ அதில்தான் இருக்கிறது, அங்கே வெளியிலிருந்து சாலை வழியாகப் போக முடியாது, கப்பலோ விமானமோதான்.

அமெரிக்காவுக்கு வெளியே இதே மாதிரித் துண்டுகளுக்கு ‘காரிடார்’, ‘ஸ்ட்ரிப்’ என்ற சொற்கள்தான் அதிகம் வழங்குகின்றன. ஆப்கானிஸ்தானின் வாகான் காரிடார் அப்படி ஒன்று. ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது என்று 1890களில் நடுவே விட்டுவைத்த பட்டை. நமீபியாவின் கப்ரிவி ஸ்ட்ரிப் இன்னொன்று. அன்று நமீபியாவை ஆண்ட ஜெர்மனி 1890ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, ஜாம்பசி ஆற்றை எட்டுவதற்காக 450 கி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வாங்கியது. ஆற்று வழியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடலாம் என்று கணக்கு. ஆனால் கீழே விக்டோரியா அருவி இருக்கிறது, படகு எப்படிப் போகும்? நம் நாட்டில் சிலிகுரி அருகே 20 கி.மீ. அளவுக்கு ஒடுங்கி வடகிழக்கு மாநிலங்களை இணைக்கும் இடத்தைக் கோழிக் கழுத்து என்கிறோம். கழுத்துக்கு அப்பால் ஒரு பெரிய உடம்பு இருக்கிறது, கைப்பிடிக்கு அப்பால் எதுவும் இல்லை. அதனால் சிலிகுரியைப் பேன்ஹேண்டில் என்று சொன்னால் பொருந்தாது. இயற்கையாகவே அமைந்த ஒரு பேன்ஹேண்டிலும் உண்டு. போட்ஸ்வானாவில் ஒக்கவாங்கோ ஆறு விசிறி போல விரிந்து சதுப்பாவதற்கு முன், நேர்கோட்டுப் பள்ளம் ஒன்றுக்குள் ஒடுங்கி வரும் பகுதிக்கு அங்கே அந்தப் பெயர்தான்.

வீட்டுமனை விஷயத்திலும் இந்தச் சொல் வரும். தெருவை ஒட்டி ஒரு வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு மனை, பின்மனைக்குப் போக ஓரமாக ஒரு சந்து. அந்தச் சந்தும் மனையின் பாகமாகவே பத்திரத்தில் சேர்ந்திருந்தால் அதற்குப் பேன்ஹேண்டில் மனை என்று பெயர்.

இனி இரண்டாவது பொருள். காசு கேட்டு நீட்டிய கை கைப்பிடி மாதிரி இருப்பதால் வந்தது என்பார்கள். பாத்திரம் ஏந்திக் கேட்பதால் என்பார்கள். ஸ்பானிய மொழியில் ரொட்டிக்கு ‘பான்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது என்றும் ஒரு கருத்து. அகராதிக்காரர்கள் எதையும் முடிவாகச் சொல்வதில்லை. நீட்டிய கை என்ற விளக்கம்தான் எனக்கு இயல்பாகப் படுகிறது. தமிழிலும் கையேந்துவது என்றுதானே சொல்கிறோம்.

அடிக்கடி காதில் விழும் ஒரு கதையை மட்டும் மறுத்தாக வேண்டும். 1930களில் புழுதிப் புயலால் ஓக்லஹோமா, டெக்சாஸ் பேன்ஹேண்டில்களிலிருந்து கிளம்பிப் போனவர்கள் கலிபோர்னியாவில் பிச்சை எடுத்தார்கள், அதனால்தான் பேன்ஹேண்ட்லர் என்ற பெயர் வந்தது என்பார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கும், ஆனால் காலம் ஒத்துவரவில்லை. அந்தப் புயலுக்கு முப்பது, நாற்பது வருடம் முன்பே அந்தச் சொல் இந்தப் பொருளில் வழக்கில் இருந்தது. அந்த அகதிகளைக் கலிபோர்னியாவில் இழிவாக அழைத்த பெயர் ‘ஓக்கி’. அவர்கள் தேடிப் போனதும் பிச்சை அல்ல, பருத்தி எடுக்கும் வேலையும் பழம் பறிக்கும் வேலையும்தான். உழைக்கப் போனவர்கள் தலையில் இந்தக் கதை இன்னொரு பழியைச் சுமத்துகிறது.

ஆங்கிலத்தில் பிச்சைக்குப் பொதுவான சொல் ‘பெக்’. அதற்குக் கெஞ்சுவது, மன்றாடுவது என்றும் பொருள் உண்டு, மன்னிப்புக்கும் அதே சொல் ஆகும். பேன்ஹேண்டில் அப்படி விரியாது. பொது இடத்தில், முன்பின் தெரியாதவரிடம், உடனே கையில் கொடு என்று காசு கேட்பது மட்டும்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்குகிறது, பிரிட்டனில் ‘பெக்கிங்’ என்றே சொல்வார்கள். வீடற்றவர் வேறு, பேன்ஹேண்ட்லர் வேறு. வீடற்றவர்களில் காசு கேட்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். காசு கேட்பவர்களில் எங்காவது ஓர் அறையில் தங்கியிருப்பவர்களும் உண்டு. தமிழில் செய்தி எழுதும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நீங்கள் பார்த்த பலகை சட்டப்படி செல்லுமா என்பது அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கும் மேலாக நீதிமன்றங்களில் நடக்கும் வாதம். காசு கேட்பது பேச்சு, பேச்சுக்கு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது என்பது ஒரு பக்கம். வழிப்போக்கரைத் தொல்லையிலிருந்து காப்பது நகரத்தின் கடமை என்பது மறுபக்கம். 1990ல் நியூயார்க் சுரங்க ரயிலில் பிச்சை கேட்பதைத் தடுத்த விதி செல்லும் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 1993ல், தெருவில் பிச்சை கேட்பதை முழுக்கத் தடுத்த நியூயார்க் மாநிலச் சட்டம் செல்லாது என்றது.

2015ல் ஒரு திருப்பம். அரிசோனாவின் கில்பர்ட் என்ற ஊரில் ஒரு சிறு தேவாலயம் தெருவில் வைத்த வழிகாட்டிப் பலகைகள் பற்றிய வழக்கு அது, பிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துப் பலகைகளுக்கு வேறு வேறு விதி போட்டால் அதை மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் தாக்கம் இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தெரிந்தது. அந்த நகரத்தின் மையப் பகுதியில் வாய்விட்டு ‘இப்போதே காசு கொடுங்கள்’ என்று கேட்பது குற்றம். அட்டையில் எழுதிப் பிடித்தால் குற்றமில்லை. ‘பிறகு அனுப்புங்கள்’ என்று கேட்டாலும் குற்றமில்லை. 2014ல் இந்த விதியை ஏற்ற அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், 2015ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு செல்லாது என்று மாற்றிச் சொன்னது. பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தானே தண்டிக்கிறீர்கள் என்பது காரணம். 2020ல் மாசசூசெட்ஸில் இன்னும் தெளிவாகவே ஒரு வழக்கு. சாலையில் வண்டியை நிறுத்தி நன்கொடை கேட்பதைத் தடுத்த மாநிலச் சட்டம், தொண்டு நிறுவனங்களுக்கும் பத்திரிகை விற்பவர்களுக்கும் விலக்குத் தந்திருந்தது. தனக்காகக் கேட்கும் ஏழைக்கு மட்டும் தடை. அது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அது முழுக்கச் சரியான தீர்ப்பாகப் படுகிறது. ஒரு நிறுவனத்தின் பெயரில் டப்பா குலுக்குவது கௌரவம், பசிக்கிறவன் கேட்டால் குற்றம் என்பது என்ன நியாயம்?

மிரட்டுவது, வழிமறிப்பது, ஏடிஎம் வாசலில் நெருக்கி நிற்பது ஆகியவற்றைத் தடுக்கும் விதிகள் வேறு வகை. ‘அக்ரசிவ் பேன்ஹேண்ட்லிங்’ என்று பலகையில் இருந்தால் அதைத்தான் குறிக்கிறது. வெறுமனே கேட்பதையே தடுக்கும் பலகைகள் பல ஊர்களில் இன்னும் நிற்கின்றன, வழக்கு வந்தால் அவற்றைக் காப்பாற்றுவது கடினம்.

நம் பக்கத்திலும் இதே வாதம்தான். 1945ல் சென்னை மாகாணத்தில் பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1959ல் பம்பாய்ச் சட்டம், அதை டெல்லிக்கும் நீட்டினார்கள். பாட்டுப் பாடுவது, ஆடுவது, ஜோசியம் சொல்வது, பொருள் விற்பது என்ற போர்வையில் காசு கேட்டாலும் அது பிச்சைதான் என்று பம்பாய்ச் சட்டம் வரையறுத்தது. பிழைப்புக்கு வழி தெரியாமல் பொது இடத்தில் திரிந்தாலே போதும், பிடித்துப் போகலாம். டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில், டெல்லியைப் பொறுத்தவரை பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகள் செல்லாது என்று அறிவித்தது. 2021ல் தெருவிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்றக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் அந்தக் கோணத்தில் பார்க்க மறுத்தது, வேறு வழி இல்லாததால்தான் கையேந்துகிறார்கள் என்றது.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சந்தித்த ஊர் ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவிலிருந்து கிழக்கே ஒரு நீளத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஃபெல் தெருவுக்கும் ஓக் தெருவுக்கும் நடுவே ஒரு பிளாக் அகலம், எட்டு பிளாக் நீளம். அதன் பெயர் பேன்ஹேண்டில். அந்தப் பூங்காவின் மிகப் பழைய மரங்கள் அங்கேதான் நிற்கின்றன. அதை ஒட்டியதுதான் ஹிப்பி இளைஞர்களால் பேர்பெற்ற ஹைட்-ஆஷ்பரி வட்டாரம். 1966, 67ல் நாடெங்கும் இருந்து இளைஞர்கள் அங்கே வந்து குவிந்தபோது அந்தத் தெருக்களில் சில்லறை கேட்பது அன்றாடக் காட்சியானது. டிக்கர்ஸ் என்ற குழுவினர் 1966 இலையுதிர் காலத்திலிருந்து இந்தப் பேன்ஹேண்டில் புல்வெளியில் தினமும் மாலை 4 மணிக்கு யார் வந்தாலும் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். கேட்க வேண்டியதில்லை, கிண்ணத்தோடு வந்தால் போதும்.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று பிரிப்பது சுலபம். முன்னால் மாநிலத்தின் பெயரோ திசையோ இருந்தால் நிலம். சொல் ‘லிங்’ என்றோ ‘லர்’ என்றோ முடிந்தால் பிச்சை. நிலப்பொருளுக்கு வினைவடிவம் கிடையாது. பேன்ஹேண்டிலில் குடியிருப்பவரைப் பேன்ஹேண்ட்லர் என்று எழுதிவிடாதீர்கள், அவரைப் பிச்சைக்காரர் என்று சொன்னதாகிவிடும். தமிழில் நிலத்துக்கு, புளோரிடாவானால் ‘வடமேற்குக் கரைப்பட்டை’, ஓக்லஹோமாவானால் ‘மேற்குக் கைப்பிடிப் பகுதி’ என்று திசையையும் சேர்த்து எழுதினால் படிப்பவருக்கு இடம் புரியும். பலகையில் இருப்பதற்கு ‘இங்கே காசு கேட்கக் கூடாது’ என்பதே போதும்.